எஃப் வரும் இடம்

என் மகன் கல்லூரி விடுதிக்குக் கிளம்பியபோது பீரோ மேல் இரண்டு பொருள்களை விட்டுவிட்டுப் போனான். ஒன்று கிரிக்கெட் மட்டை, இன்னொன்று கிட்டார். மட்டையை எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கிட்டாரை யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் அதன்மேல் தூசி படிவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி நானே இறக்கினேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அடையாறில் ஒரு பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே இருபது வருடம் ஓடிவிட்டது. நானாக உட்கார்ந்து எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டது எப்போது என்று யோசித்தால் ஸ்கூட்டர் ஓட்டப் பழகியதுதான் ஞாபகம் வந்தது.

கிட்டாருக்கு உறை இல்லை. பழைய திரைச்சீலை ஒன்றை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் வழக்கமாக எனக்கு ரவிக்கை தைக்கும் கடைக்குப் போனேன். மாட வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அது. அளவு எடுப்பதற்காகக் கிட்டாரை வாங்கிய தையல்காரர், கழுத்தில் தொங்கிய டேப்பைத் தொடவே இல்லை. மடியில் வைத்து, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதி சேர்த்தார். பிறகு ஒரு பழைய சினிமாப் பாட்டின் மெட்டை, ஒரு இடத்திலும் தடுக்காமல், வாசித்துக் காட்டினார். பத்து வருடமாக என் தோள் அளவு, கை அளவு எல்லாம் தெரிந்த மனிதர். அவருக்குக் கிட்டார் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

அன்று அங்கே இன்னொருவரும் காத்திருந்தார். கிட்டார் பையின் ஜிப் போய்விட்டதால் மாற்றிக்கொண்டு போக வந்தவர். ஏசி மெக்கானிக், வயது முப்பத்தைந்து இருக்கும். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்கம் அந்த வீடுகளையெல்லாம் இடித்தபிறகு குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்குப் போய்விட்டார். ஒரே கடையில் ஒரே நேரத்தில் மூன்று பேர் கிட்டார் விஷயமாக நிற்கிறோமே என்று தையல்காரருக்குச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் கடை திறப்பேன், காலையில் மூவரும் உட்கார்ந்து வாசிக்கலாமே என்றார். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சரி என்றேன். அந்தப் பேச்சு இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

வாசிப்பதைவிடப் பேசியதுதான் அதிகம் என்று சொன்னால் தப்பில்லை. விரல் நுனியில் காய்ப்பு ஏறியதா, யாருக்கு எந்த விரலில் தோல் உரிந்தது, கம்பி மாற்ற வேண்டுமா, துடைத்தாலே போதுமா, போனில் பாடம் நடத்தும் அந்தத் தாடிக்காரர் சொல்வதை நம்பலாமா என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். தையல்காரர் சத்தம் கீழே போகாமல் இருக்கக் கிட்டாரின் வயிற்றுக்குள் துணி வெட்டுகளைத் திணித்துவைப்பார். எனக்கு விரல் எங்கே வைப்பது என்று மறந்துபோகும் என்பதால், துணியில் கோடு போடும் சாக்கட்டியால் கிட்டாரின் கழுத்தில் புள்ளி வைத்துத் தருவார். வீட்டுக்குப் போவதற்குள் அந்தப் புள்ளிகள் என் விரல்களுக்கு வந்திருக்கும். பாட்டுகளின் மெட்டு முழுக்க அவர் பொறுப்பு. நூல் கோக்கிற மாதிரி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு வாசிப்பார்.

மெக்கானிக் மெட்டு வாசிக்க மாட்டார். அவர் வேலை தாளம். வலது கையால் ஆறு கம்பிகளையும் மேலும் கீழும் சேர்த்து அடித்துக்கொண்டே போவார். கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவதுபோல மணிக்கட்டு தளர்வாக ஆடும். ஒரு பாட்டை எந்த வேகத்தில் தொடங்கினாரோ அதே வேகத்தில் முடிப்பார். நானும் தையல்காரரும் ஆர்வத்தில் ஓடினாலும் அவர் கை ஓடாது. இதை எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். மொட்டை மாடிகளில் ஏசி ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் ஓட்டத்துக்குத் தொடையில் தட்டுவாராம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண்ணிக்கை உண்டாம். நல்ல மெஷின் எண்ணிக்கை தவறாதாம். வேதியியல் படித்த நான் எத்தனையோ ஏசிக்குக் கீழே தூங்கியிருக்கிறேன், ஒன்றையும் கேட்டதில்லை.

இனி என் வண்டவாளத்தைச் சொல்ல வேண்டும். கிட்டாரில் எஃப் என்று ஒரு பிடி இருக்கிறது. சி, ஜி எல்லாம் இரண்டு மூன்று விரல் நுனியால் கம்பிகளை அழுத்தினால் வந்துவிடும். எஃப் அப்படி வராது. சுட்டுவிரலைப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால் வேறு மூன்று இடத்தைப் பிடிக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்களில் பாதிப் பேர் கிட்டாரை மறுபடி பீரோ மேல் ஏற்றுவது இங்கேதான் என்று அந்தத் தாடிக்காரரே சொல்கிறார். என் மகனும் இதே இடத்தில்தான் ஏற்றியிருப்பான் என்பது என் சந்தேகம்.

நான் ஏற்றவில்லை, ஏமாற்றினேன். பாட்டில் எஃப் வரும் இடத்தில் விரல்களை ஏதோ ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கையைச் சும்மா அசைப்பேன், சத்தம் வராது. அடுத்த பிடி வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வேன். வகுப்பில் பின்பெஞ்சுப் பிள்ளைகள் உறுதிமொழிக்கு வாயை மட்டும் அசைப்பார்களே, அதே வித்தை. யாருக்கும் தெரியவில்லை என்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் மெக்கானிக்கின் வாசிப்பில் ஒரே ஒரு குறையை நான் கண்டுபிடித்துவைத்திருந்தேன். இவ்வளவு சீராக வாசிக்கிற மனிதர் பாட்டின் சில இடங்களில் மட்டும் திடீரென்று ஓங்கி அடிப்பார். ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் பேசுகிற குரலிலேயே, பாட்டுக்கு நடுவில் இப்படித் தகரம் தட்டினால் எப்படி, காது என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டேன். தையல்காரர் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். மெக்கானிக் சிரித்தார்.

“கை பழகிக்கிச்சு டீச்சர்” என்றார்.

அடுத்த பாட்டிலும் அதே மாதிரி அடித்தார். இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் கோடை தொடங்கிய சமயம். தி. நகரில் ஒரு அடுக்குமாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஏசியின் தகடு ஒன்று வழுக்கி, அவருடைய இடது கைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் கிழித்துவிட்டது. விரலை மடக்கும் நரம்பு அறுந்து, தைத்திருந்தார்கள். தையல்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். விரல் பழையபடி மடங்குமா என்பதை ஒரு வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கம்பியை அழுத்துவது இடது கையின் வேலை. அதனால் அவர் இனிமேல் வருவாரா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் இல்லாத முதல் ஞாயிறு, நானும் தையல்காரரும் மட்டும் உட்கார்ந்தோம். வழக்கமான பாட்டுதான். சி, ஏ மைனர், அடுத்து எஃப். என் வழக்கப்படி கையைச் சும்மா அசைத்தேன். பாட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. தையல்காரரின் மெட்டு மட்டும் தனியாக, பிடிமானம் இல்லாமல், அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போயிற்று. மறுபடி எஃப் வந்தது, மறுபடி பள்ளம். கீழே பாத்திரக்கடைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்கும். இவ்வளவு பெரிய ஓட்டை இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?” என்றார் தையல்காரர். “எஃப் வரப்போவுதுன்னா நீங்க மூச்சப் புடிச்சுக்குவீங்க. அதக் கேட்டுக்கினுதான் தம்பி கைய ஓங்கும்.”

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் கடைசிப் பாட்டைப் பதிவுசெய்து வைப்பது எங்கள் வழக்கம். ஒன்றுவிடாமல் கேட்டேன். எஃப் வரும் ஒவ்வொரு இடத்திலும் அவர் கை ஓங்கியிருந்தது. என் சத்தம் எங்கே காணாமல் போகிறதோ, சரியாக அங்கே அவர் சத்தம் பெரிதாகி அந்த இடத்தை மூடுகிறது. என் சத்தம் திரும்பியதும் அவருடையது இறங்கிவிடுகிறது. நான் காது இருக்கிறதா என்று கேட்ட அந்த ஞாயிறும் அதில் இருந்தது. திட்டு வாங்கிய அடுத்த பாட்டிலும் அவர் எனக்காக ஓங்கி அடித்திருந்தார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, அந்த மனிதரின் மேல் மரியாதை பொங்கியது. தப்பைக் கண்ட இடத்தில் சிவப்பு மையால் சுழிப்பதுதான் என் பிழைப்பு. அப்படிச் சுழித்தால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று நம்பியே இருபது வருடம் ஓட்டிவிட்டேன். இவர் என் தப்பை முதல் நாளே கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல், தன் வாசிப்பு கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று, இரண்டு வருடம் என்னை வாசிக்கவைத்திருக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்து இதைச் செய்திருக்கிறார்.

அன்றிலிருந்து எஃப் தவிர வேறு எதையும் நான் தொடவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம், விடுமுறை என்றால் காலையிலும். கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் எங்கே வைப்பது, சுட்டுவிரலின் எந்தப் பக்கம் கம்பியில் படவேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஆறு கம்பியில் முதலில் இரண்டுதான் பேசின, மற்றவை கொர்ரென்று இழுத்தன. என் கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் கேட்கிறது என்று தெரிந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏழாவது ஞாயிறு, நான் படியேறும்போதே மெக்கானிக்கின் குரல் கேட்டது. தோளில் கிட்டார் பையோடுதான் வந்திருந்தார். சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். உள்ளே போய் அவர் இடது கையைப் பார்த்தேன். கட்டு பிரித்திருந்தார்கள். இரண்டு விரல்களும் தடித்து, நீட்டியபடியே நின்றன. தையல்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“வூட்ல வெச்சிருந்தா அதையே பாத்துக்கினு கீறேன் பாய்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் மெக்கானிக். “யாருனா கத்துக்குறவங்க வந்தா குடுத்துடுங்க.”

வாசிக்க வரவில்லை, கிட்டாரை விட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார். தையல்காரர் வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டேப்பைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. மன்னிப்புக் கேட்கவும் வராது. பைக்குள்ளிருந்து அவர் கிட்டாரை நானே எடுத்து அவர் மடியில் வைத்தேன். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். கிட்டாரின் கழுத்து எனக்கு நேராக நீண்டிருந்தது.

“வலது கை நல்லாத்தானே இருக்கு? நீங்க அடிங்க. நான் பிடிக்கிறேன்.”

அவர் என்னைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் அதற்குள் தன் கிட்டாரை எடுத்துவிட்டிருந்தார்.

நான் சி பிடித்தேன். அவர் கை இறங்கியது. ஏழு வாரம் கழித்தும் அந்த மணிக்கட்டு அப்படியே இருந்தது. ஒரே கிட்டார், இரண்டு பேர். நான் பிடி மாற்றுவதற்குச் சற்று முன்னால் அவர் கை எனக்காகக் கொஞ்சம் தளர்ந்து கொடுத்தது. ஏ மைனர் போயிற்று. அடுத்தது எஃப். என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை, பக்கத்திலேயே இருக்கிறார். வழக்கம்போல ஓங்கினால் இந்த முறை பிரயோஜனம் இல்லை, இருப்பது என் எஃப் ஒன்றுதான்.

அவர் ஓங்கவில்லை. அடிப்பதையே நிறுத்தி, கட்டைவிரலால் மேல் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஒன்று ஒலித்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது கொஞ்சம் மங்கலாக, ஆனாலும் ஒலித்தது. கடைசிக் கம்பி கொர்ரென்றது.

தையல்காரர் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். மெக்கானிக் அந்தக் கம்பியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். மறுபடியும் கொர்.

“அஞ்சு வந்துச்சு டீச்சர்” என்றார். “ஒன்னுதான் பாக்கி. வர ஞாயித்துக்கெழம அத்தையும் பாத்துக்கலாம்.”

அன்று இன்னும் நான்கு பாட்டு வாசித்தோம். கிளம்பும்போது பையை மூடித்தரத் தையல்காரர் எழுந்தார். மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஜிப்பை வலது கையாலேயே இழுத்து மூடினார். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.