அக்கா ஹாரன், அத்தான் ஸ்டார்ட்டர்

என் கணவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவர் வாங்கியது காரின் கூடு. இன்ஜின் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை, ஓர் ஒயர்கூட இல்லை. காரைக்காலில் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிரான்சுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. அதை நெல் மூட்டை ஏற்றும் டிராக்டரில் வைத்துக் கோட்டுச்சேரிக்குக் கொண்டுவந்து, எங்கள் கொட்டகையில் இறக்கினார்.

"உள்ள எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு" என்றார். சுத்தத்துக்கு என்ன குறை? காலி அண்டாவில் என்ன அழுக்கு இருக்கும்?

நான்கு வருடம் விடுமுறை நாளெல்லாம் கொட்டகையிலேயே கழிந்தது. எங்கெங்கிருந்தோ உதிரி பாகங்கள் பார்சலில் வந்தன. அலுவலகம் விட்டு வரும்போது உப்பில்லாப் பத்தியக்காரர் மாதிரி முகத்தை வைத்திருப்பவர், அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்தால் விசில் அடிப்பார். கார் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த விசில் பிடித்திருந்தது.

அண்ணி, அதாவது அவருடைய அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறார். ஒரு நாள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு பேரு உக்காரத்தான் எடமா? அதுக்கு சைக்கிளே போதுமேடா" என்றார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒன் பொண்ணுக்குத் தாய்மாமன் நான்தானே? கல்யாணத்தன்னைக்கு அவள இந்தக் கார்லதான் மண்டபத்துக்கு அழைச்சிக்கிட்டுப் போவேன். ஓடலன்னா மறுநாளே காயலான் கடையில போட்டுடறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மூன்றே மாதத்தில் பெண்ணுக்கு வரன் குதிர்ந்து நாளும் குறித்தாகிவிட்டது.

இன்ஜினைப் பொருத்திவிட்டார். மிச்சம் இருந்தது ஒயரிங். "நீதான் பிசிக்ஸ் டீச்சராச்சே" என்று அது என் தலையில் விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்னோட்டம் நடத்துகிறவளை ஒயரிங் செய்யச் சொல்வது, நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதியவனைக் கடலில் தள்ளுவது மாதிரி. கடையில் சிவப்பு ஒயர் மட்டும்தான் இருந்தது. "எல்லாத்துலயும் கரண்டுதானங்க போவுது, கலர்ல என்ன இருக்கு?" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டி வாங்கி வந்தேன். என் மாணவர்களுக்கு இது தெரியவேண்டாம்.

ஒவ்வொரு ஒயரையும் விளக்கிலிருந்தும் ஹாரனிலிருந்தும் இழுத்து முன்பலகைக்குக் கொண்டுவந்து, நுனியில் எண் எழுதிய சீட்டைக் கட்டினேன். பதினாறு எது, பத்தொன்பது எது என்று இவர் தினமும் குழம்பினார். ஆனால் சித்தப்பாவின் மூன்றாவது மருமகளுடைய அண்ணனை எந்தக் கூட்டத்திலும் முதுகைப் பார்த்தே அடையாளம் சொல்வார். அதனால் எண்களைப் பிய்த்துவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி இவர் கூப்பிடும் உறவுமுறைகளை எழுதிப் பச்சை நூலால் கட்டினேன். யார் எது என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினேன்.

எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்கிற சித்தப்பா பிரேக் விளக்கு. இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சு பேசும் தம்பி வைப்பர். எப்போதும் பளபளவென்று வரும் தம்பி பெண்டாட்டி ஹெட்லைட். ஹாரன் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. "அக்கா" என்று எழுதிவிட்டேன். ஸ்டார்ட்டருக்கு அத்தான், அதாவது அண்ணியின் கணவர்; நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் எந்தக் காரியத்தையும் தொடங்கி வைத்தவர் அவர்தான்.

கல்யாண வாரத்தில் சீட்டைப் பார்த்துப் பார்த்து ஸ்விட்சுகளில் இணைத்தேன். அத்தான் சீட்டை மட்டும் காணவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக இழுத்துவிட்ட ஏழெட்டு ஒயர்கள் சீட்டில்லாமல் தொங்கின. அவற்றில் ஒன்றைக் குத்துமதிப்பாக மாட்டினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை இவர் உட்கார்ந்து விளக்கைப் போட்டார். வைப்பர் ஆடியது. வைப்பரைப் போட்டார், பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது. ஹாரனை அமுக்கினால் ஹெட்லைட் எரிந்தது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறியது. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தேடலாம்தான். ஆனால் முன்பலகை, இருக்கை எல்லாவற்றையும் கழற்ற நாலு நாள் வேண்டும்.

"சரி, காயலான் கடைக்காரர வரச் சொல்லிடறேன்" என்று ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினார். விசில் இல்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டியவள் நான்தானே.

ஹாரன் சத்தம் கேட்டு அண்ணி மாவுக் கையோடு ஓடிவந்தார். அப்போதுதான் கவனித்தேன், ஹெட்லைட்டை எரியவைத்த ஒயரில் "அக்கா" தொங்கியது, முடிச்சு நான் போட்டது இல்லை.

"இத யாரு மாத்துனது?"

"நான்தான். நீ பள்ளிக்கூடம் போயிருந்தப்ப வந்து பாத்தேன். பொண்ணப் பெத்தவ நான் ஹாரன், சின்னவன் பொண்டாட்டி ஹெட்லைட்டா? மொறைன்னு ஒன்னு இல்ல? ஹாரன சித்தப்பாவுக்குக் குடுத்துட்டேன். அவளுக்கு வைப்பர். தொடைக்கட்டும்."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. ஆனால் யாரை எங்கிருந்து எங்கே மாற்றினார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். மரியாதை விஷயத்தில் அண்ணிக்கு மறதியே கிடையாது. அவர் சொல்லச் சொல்ல எல்லாரையும் பழைய இடத்துக்கே அனுப்பினேன்.

"அண்ணி, அண்ணன் சீட்டு?"

அண்ணி சுருக்குப் பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தார். நாலாக மடித்திருந்தார்.

"அவரு போனதுலேருந்து ஒரு வேலைக்கும் யாரும் அவரக் கூப்புடல. நீ கூப்ட்டிருந்த. பாத்ததும் எடுத்து வச்சிக்கிட்டேன். திருப்பிக் கட்ட மனசு வரல."

தொங்கிய ஒயர்களில் ஒன்றை அவரே தொட்டுக் காட்டினார். அதில் பச்சை நூலின் ஓர் இழை மட்டும் ஒட்டியிருந்தது. சீட்டை மறுபடியும் அவர் கையாலேயே கட்டினார். நான் இணைத்தேன். இவர் சாவியைத் திருப்பினார். கார் இருமியது, மறுபடி இருமியது, பிறகு கொட்டகையே அதிர ஓடியது.

"ஏறுக்கா" என்றார் இவர்.

"கல்யாணப் பொண்ணு ஏறுற வண்டிடா. நான் மொதல்ல ஏறலாமா?" என்று அண்ணி பின்வாங்கினார்.

எனக்கு வந்ததே கோபம். "அண்ணன் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. நீங்க ஏறாம வேற யாரு ஏறுறது?" என்று கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தேன்.

தெருமுனை திரும்பியதும் ஹாரன் அலற ஆரம்பித்தது. பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பும் வரை நிற்கவே இல்லை. மறுபடியும் ஒயரிங் போயிற்று என்று டெஸ்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு. அக்கா கைய எடுக்க மாட்டேங்குது" என்றார் இவர்.