சுவர் தாண்டிய கம்பி

சிதம்பரத்து வீட்டைப் பாகம் பிரித்தபோது அப்பாவும் பெரியப்பாவும் நடுவில் சுவர் எழுப்பினார்கள். கிணற்றின் குறுக்கே கூடச் சுவர் வந்தது. மீட்டர் எங்கள் பாகத்தில் நின்றது. அன்றிலிருந்து எங்கள் கரண்ட் பில் எகிறியது.

“சமையக்கட்டுல லைட்டப் போட்டுட்டு என்னாடி பண்றே?” என்று அப்பா மாதம் தவறாமல் அம்மாவைத் திட்டினார். அம்மா சிம்னி விளக்கில் சமைக்கத் தொடங்கினாள். பில்லும் குறையவில்லை, திட்டும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பொறுக்கமாட்டாமல், அம்மா அப்பாவின் கண்ணெதிரே எல்லா சுவிட்சையும் அணைத்தாள். மீட்டருக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மெயினை அணைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. “கரண்டு போயிடுச்சு!” என்று பெரியம்மா கத்துவது கேட்டது.

தென்னை மரத்தைக் கூட எண்ணிப் பிரித்தவர்கள் கம்பியைப் பிரிக்க மறந்திருந்தார்கள்.

அப்பா மெயினைத் திரும்பப் போட்டார். “அண்ணங்கிட்டப் போயி இத எப்புடிக் கேக்கறது?” என்றார். பெண்டாட்டியை ஒரு வருஷம் வாய் ஓயாமல் கேட்ட மனுஷன்.

அந்தப் பக்கம் ரேடியோ மறுபடி பாடியது. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, எங்கள் சமையலறை பல்பைக் கழற்றினார்.