முட்டை குறையாத மூன்று நாள்

உறவுக்காரர் கல்யாணப் படங்கள் எதிலும் நானும் என் மனைவியும் சேர்ந்து நின்றிருக்க மாட்டோம். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஒருவர் விசேஷத்துக்குப் போனால் இன்னொருவர் பண்ணையில் இருக்க வேண்டும். இது நான் போட்ட சட்டம். மகள் பிறந்ததிலிருந்து மூவரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. நான் இல்லாவிட்டால் பண்ணை ஓடாது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

"சாவல் கூவாட்டிப் பொழுது விடியாதாக்கும்" என்பாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

இந்த வருஷம் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது, என்னைக் கேட்காமலே கிழக்குக் கடற்கரையில் ஒரு தனி வீட்டை மூன்று நாளுக்கு வாடகைக்குப் பிடித்துவிட்டாள். பின்கதவைத் திறந்தால் கடல். அக்கம்பக்கத்தில் வேறு யாரும் கிடையாது. கைப்பேசியில் படத்தைக் காட்டி, "மூணு பேரும் போறோம். நீங்க வரலீன்னா நானும் போகலீங்கப்பா" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

கோழிக்குப் புது ஆள் ஆகாது. தினமும் பார்க்கிற சட்டையின் நிறம் மாறினாலே கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும், மறுநாள் முட்டை குறையும். அதனால் நான் வருஷக்கணக்காகக் காக்கிச் சட்டைதான். பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட மனைவியின் தம்பிக்கு என் சட்டையை மாட்டி, பத்து நாள் என் பின்னாலேயே ஷெட்டுக்குள் நடக்க வைத்தேன். கையை வீசாதே, மெதுவாக நட, தீவனத்தை இப்படிக் கொட்டு என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன்.

"ஏனுங்க மாமா, இருமறதும் உங்களாட்டவே இருமோணுங்களா?" என்று கேட்டார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடல் வீட்டுக்குப் போய் இறங்கினால், வாசலில் அந்த வீட்டுக் காவல்காரருடைய நாட்டுக்கோழிகள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. பண்ணைக்காரன் ஊரான் கோழியை அண்ட மாட்டான். அதற்கு ஏதாவது சீக்கு இருந்தால் நம் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு ஷெட் வரைக்கும் வந்துவிடும். பின்பக்க மணலிலும் அவைதான் கிளறிக்கொண்டிருந்தன.

"ஆரும் வெளிய கால் வெக்கக் கூடாது" என்று கதவைச் சாத்தினேன்.

கடற்கரையில் வீடு பிடித்து, முதல் நாள் முழுக்க ஜன்னல் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மகள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மைத்துனருக்குப் போன் செய்தேன். மனைவியும் மகளும் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டு, "என்ன மாப்ள, எத்தன விழுந்துச்சு? தண்ணி வருதா? கோழி தீவனம் எடுக்குதா?" என்று அடுக்கினேன்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க மாமா. முட்டை கொறையவே இல்லீங்க. நேத்து ரண்டு அட்டை முட்டை சேத்தியே வந்திருக்குது. நீங்க பத்து நாள் வேணும்னாலும் இருந்துட்டு வாங்க."

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இத்தனை ஆயிரம் கோழியில் ஒரு நூறாவது எனக்காகத் தீவனம் எடுக்காமல் நின்றிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அற்பப் புத்திதான். ஆனால் அந்த நிமிஷம் மனசு அங்கேதான் போனது. இருபத்து மூன்று வருஷம் காவல் காத்தவனை அவை தேடவே இல்லை.

வெளியே போய், கோழிகளை அடைத்து வைக்க முடியுமா என்று காவல்காரரிடம் கேட்டேன். அவர் மறுபேச்சு பேசாமல் கோழிகளைப் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டார். நேற்றே கேட்டிருக்கலாம்; போட்ட செருப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் தீர்ந்தது. பின்கதவைத் திறந்து, "வா சாமி, போலாம்" என்றேன் மகளிடம்.

முழங்கால் அளவு தண்ணீரில் மூவரும் நின்றோம். அலை இழுக்கும்போதெல்லாம் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கடைசியாக எப்போது அவள் என் கையைப் பிடித்து நின்றாள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"ஏனுங்கப்பா" என்றாள். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "நாம இல்லாதயும் கோழி நல்லாத்தானுங்க இருக்குது. அப்ப நான் சின்னப் புள்ளயா இருக்கறப்பவே வந்திருக்கலாமில்லீங்களா?"

சீக்கு, தீவனம், ஆள் கிடைக்காதது என்று வருஷமெல்லாம் வாயில் தயாராக இருந்த காரணம் ஒன்றுகூட அப்போது வரவில்லை. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வந்திருக்கலாஞ் சாமி" என்றேன்.