சூடு கடந்தது, மின்சாரம் நின்றது

பெயிண்ட் நிரப்பும் அறையில் தீப்பிடித்தபோது கரியக்காவின் நாத்தனாருக்கு வலது கை வெந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் வேலையும் போயிற்று. "கைராசி கெட்டவ. அவ தொட்டாலே ஏதாவது ஆகுது" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டார் மேற்பார்வையாளர். ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்த இன்றைக்கும் இவ்வளவு காரணம் போதுமானதாக இருக்கிறது!

நான் சொல்ல வந்தது அவளுடைய அண்ணியான அந்தக் கரியக்காவைப் பற்றி. பிளாஸ்டிக் தட்டு செய்யும் பட்டறையில் அவளுக்கு அப்படித்தான் பெயர். கண்ணுக்குத் தெரியாத கார்பன் குழாய்களை உருகிய பிளாஸ்டிக்கில் கலப்பது அவள் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணின் கருமை போகாது. தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்வதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

பெயிண்ட் அறைக்கு டப்பா வைக்கும் கறுப்புத் தட்டுகள் போவது அந்தப் பட்டறையிலிருந்துதான். டப்பாக்கள் உரசி உண்டாகும் மின்சாரத்தைத் தேங்கவிடாமல், உள்ளே கலந்த குழாய்கள் வழியாகத் தரைக்கு இறக்குவது தட்டின் கடமை. தேங்கினால் பொறி, பெயிண்ட் ஆவியில் பொறி விழுந்தால் தீ.

"உங்க தட்டு நல்லா இருந்தா பொறி எப்படி வந்துச்சு அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"என் சரக்கையா சந்தேகப்படற? ஒவ்வொண்ணையும் சோதிச்சுத்தான் அனுப்பறேன்."

"எதை வெச்சு?"

"கையை வெச்சு."

சொன்ன வேகத்திலேயே கரியக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

பட்டறை முதலாளி அலுமினியப் பாத்திரத் தொழிலிலிருந்து வந்தவர். உலோகத்தில் சூட்டை நன்றாகக் கடத்துவது மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். அந்த நினைப்பில், தட்டைச் சூடான கல்மேல் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்து, "சுடுது, அனுப்பு" என்பதே அங்கே சோதனை. மீட்டர் அலமாரியில் தூங்கியது.

மறுநாள் காலை கரியக்கா அதை எழுப்பினாள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, அடுக்கிலிருந்த அத்தனையும். முள் அசையவே இல்லை.

"சுடுதேம்மா! சுடற சரக்குல கரண்ட் போகாதா?" என்றார் முதலாளி.

"மண்பானையும்தான் சுடுது. ஒயரைச் சொருகிப் பாருங்களேன்!"

யோசித்தாள். கொஞ்ச நாளாகத் தட்டு பளபளக்க வேண்டும் என்று கலவையை இயந்திரத்தில் இரண்டாம் முறையும் ஓட்டிவந்தாள். அரைபட்ட குழாய்கள் துண்டாகி, ஒன்றையொன்று தொடாமல் பிளாஸ்டிக்குக்குள் தனித்தனியே புதைந்துவிட்டிருந்தால்? சூடு என்பது அதிர்வு. பிளாஸ்டிக் வழியாகவே கசிந்து ஏறிவிடும். மின்சாரமோ குழாய்க்குக் குழாய் தாவ வேண்டும். இடைவெளி அகன்றால் தாவாது!

அதே அளவு குழாய், அதே பிளாஸ்டிக். இயந்திரத்தில் ஒரே ஒரு ஓட்டம். தட்டு மங்கலாக வந்தது. மீட்டரை வைத்தாள். முள் மறுகோடிக்குப் பாய்ந்தது!

அவள் போட்ட கூச்சலில் அச்சு இயந்திரக்காரர் ஓடிவந்தார். "யாருக்குக்கா அடி?"

"எனக்குத்தான்! மெருகேத்தறேன்னு நானே கெடுத்திருக்கேன்யா!" என்று குதித்தாள். தன் தவறு பிடிபட்டதற்கு இப்படிக் குதித்தவரை நான் கண்டதில்லை.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வெளியே மூச்சு விடாத. புதுத் தட்டை அனுப்பி, பழசை வாங்கிக்கலாம்."

"தட்டை மாத்திடலாம். என் நாத்தனார் மேல போட்ட பழியை?"

பழசும் புதுசுமாக இரண்டு தட்டையும் மீட்டரையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு பெயிண்ட் ஆலைக்குள் நுழைந்தாள். நிரப்பும் பெண்கள் சூழ்ந்து நிற்க, ஒவ்வொரு தட்டாக அளந்து காட்டினாள்; பழசில் முள் அசையவில்லை, புதுசில் பாய்ந்தது. "கலந்தவ நான். தப்பு என்னோடது. அவ ராசியையும் இதுல வெச்சு அளந்து காட்டுங்க சார், பாப்போம்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. கை ஆறினதும் வரச் சொல்லுங்க."

"வர்றேன் சார்" என்றாள் நாத்தனார். "ஆனா ராசி கெட்டவன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. தட்டுலதான் கோளாறுன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

அவர் முணுமுணுத்தார்.

"கேக்கல சார்!" என்றது பின்வரிசை.

உரக்கச் சொன்னார்.