பிரேம்குமாரின் ஆறு கம்பிகள்

நெல்லித்தோப்பில் ஃபேனுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட வேண்டுமென்றால் பிரேம்குமாரிடம்தான் போவார்கள். சாயங்காலமானால் அவரே கல்யாண வரவேற்புகளில் பாட்டுக்கு அடிச்சுரம் பிடிக்கும் நாலு கம்பி பேஸ் கிதார் வாசிப்பார். இருபத்திரண்டு வருஷமாக வாசிக்கிறார். இத்தனை காலத்தில் ஒரே ஒரு விருந்தாளிதான் அவரைத் தேடி மேடையருகே வந்தார். அவரும் தன் ஃபேன் எப்போது தயாராகும் என்று கேட்கத்தான் வந்தார்.

அந்த மேடைக்கே இப்போது ஆபத்து. இசைக்குழுத் தலைவர் அன்வருதீன் கீபோர்டு வாசிப்பவர். பூ அலங்காரம் பெருகிப்போய் மேடையில் நிற்க இடமில்லாமல் ஆனதும், பேஸையும் தன் இடது கையாலேயே வாசித்துவிடலாமே என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். "ரெட்டியார்பாளையம் புரோகிராம் முடியட்டும் பிரேம், பாத்துக்கலாம்," என்றார். அன்றிலிருந்து பிரேம்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. காயில் கட்டுவது வயிற்றுக்கு. மேடையில் நிற்கும் அந்த மூன்று மணி நேரம்தான் அவருக்கு வாழ்க்கை.

ஆகவே நாலு கம்பி கிதாரைப் பரணில் ஏற்றிவிட்டு, ஆறு கம்பி பேஸ் கிதார் ஒன்றை வாங்கி வந்தார். ஆறு கம்பிக்காரனை யார் நிறுத்துவார்கள்?

மனைவி சரிதா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குக் கட்டுனது ஒரே ஒரு கயிறு. அதையே உங்களால சமாளிக்க முடியல. ஆறு எதுக்கு?"

"உனக்கு ஒண்ணும் புரியாது."

"காயில்ல ரெண்டு சுத்து கூடிப்போச்சுன்னு நேத்து பூரா உக்காந்து பிரிச்சீங்களே, அது புரிஞ்சுது."

ரெட்டியார்பாளையத்தில் முதல் பாட்டிலேயே வினை வந்தது. இத்தனை வருஷம் மேல் கம்பியைத் தேடியே பழகிய விரல், புதுக் கிதாரிலும் மேல் கம்பிக்கே போனது. அங்கே இருந்ததோ அதைவிடத் தடித்த கூடுதல் கம்பி. சுருதி கிணற்றுக்குள் விழுந்தது. பாடிக்கொண்டிருந்த கலைவாணி, சிரித்த முகம் மாறாமலே திரும்பி ஒரு முறை முறைத்தாள். அன்வருதீனின் இடது கை மெல்ல நகர்ந்து கீபோர்டிலேயே பேஸ் வாசிக்கத் தொடங்கியது. பிரேம்குமார் அந்தக் கையைப் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை.

மணமக்களோடு படம் எடுக்கக் கூட்டம் ஏறியதும் பாட்டை நிறுத்தினார்கள். பிரேம்குமார் ஜெனரேட்டர் பக்கம் ஒதுங்கி, கால்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் கட்டிங் பிளேயரை எடுத்தார். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டையும் தளர்த்தி வெட்டி எறிந்தார். கூடிப்போன சுற்றைப் பிரிப்பது அவருக்குப் புதிதா என்ன?

அடுத்த பாட்டில் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. கலைவாணி எங்கே போனாலும் தாங்கிக்கொள்ள ஒரு சுரம் அங்கே தயாராக இருந்தது. சரணத்தின் பாதியில் அன்வருதீனின் இடது கை கீபோர்டை விட்டு எழுந்து, பக்கத்திலிருந்த டீ கிளாசை எடுத்துக்கொண்டது. பாட்டு முடியும்வரை அது திரும்பி வரவில்லை.

"ஞாயித்துக்கெழம காலாப்பட்டுல புரோகிராம்," என்றார் அன்வருதீன், இறங்கும்போது. "பழசையே எடுத்துட்டு வா."

வீட்டில் சரிதா தட்டு வைத்துவிட்டுக் கிதாரை எட்டிப் பார்த்தாள்.

"ஆறு என்னாச்சு?"

"நாலாச்சு." சோற்றைப் பிசைந்தபடி உண்மையையும் சொல்லிவிட்டார். "கடைசிப் பாட்டுக்கு ரெண்டுதான் தொட்டேன்."

"இன்னும் ஒண்ணு கொறஞ்சா என்கிட்ட வந்துடுவீங்க," என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிரேம்குமார் வேண்டாம் என்று சொல்லவில்லை.