"இருக்கலாம்" என்று எழுதிக்கொடுத்தவள்

சிறைக் காவலர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கேள்வி மேடம்'. பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆசிரியை. பதினாறு வருடமாகத் தொடர் கொலைகாரர்களைச் சிறையில் சந்தித்து, அவர்கள் எப்படி அப்படி ஆனார்கள் என்று எழுதிவந்தாள். அந்த வேலையை மெச்சியவர் ஒருவரும் இல்லை. "பேசுறதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலையாக்கா?" என்று கூடப்பிறந்த தங்கையே முகத்தைச் சுளிப்பாள்.

இரண்டு வருடத்தில் நான்கு பெண்கள் பட்டப்பகலில், தங்கள் வீட்டுக்குள்ளேயே கழுத்து நெரிபட்டுச் செத்தபோது இன்ஸ்பெக்டர் அவளிடம் வந்தார். பிரியப்பட்டு வரவில்லை, மேலிடத்து நெருக்கடி.

"கதவை உடைக்கல, பூட்டை நெம்பல. எப்படிப்பட்ட ஆளுன்னு எழுதிக் குடுங்க."

"நான் படிச்சதெல்லாம் மாட்டிக்கிட்டவங்கள சார். மாட்டாதவன் எப்படி இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க."

எழுதினாள். கல்யாணமாகாதவனாக இருக்கலாம். தனியாக வாழ்பவனாக இருக்கலாம். நுணுக்கமான கைவேலை தெரிந்தவனாக இருக்கலாம். அக்கம்பக்கத்தோடு ஒட்டாதவனாக இருக்கலாம். நான்கு 'இருக்கலாம்'. இன்ஸ்பெக்டர் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. மறுநாளே, கடைக்குப் பின்னால் தனியாகக் குடியிருந்த வாட்ச் ரிப்பேர்காரரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பதினோரு நாள் வைத்து அடித்தார்கள். அவர் உள்ளே கிடக்கும்போதே ஐந்தாவது பெண் செத்தாள். அந்த வீட்டுக் குழாயடியில் கிடந்த ஸ்பானரை வைத்து ஒரு பிளம்பரைப் பிடித்தார்கள். பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் உள்ளவன். தெருவில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி தூக்கிப்போடுகிறவன். குழாய் சரிசெய்ய வந்தவனுக்கு அந்தப் பெண்கள் தாங்களே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

வாட்ச் ரிப்பேர்காரர் வெளியே வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அவருடைய அக்கா நேரே ஆசிரியையின் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"என் தம்பி கூச்சக்காரன். கூச்சப்படுறவன் எல்லாம் கொலைகாரனா? எந்தப் புஸ்தகத்துல படிச்ச நீ?"

"இருக்கலாம்னுதாம்மா எழுதியிருந்தேன்…"

"அவன் விரல் ஒடிஞ்சிருக்கலாம்னு எழுதுவியா? ஒடிஞ்சே போச்சுடி!"

மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த அக்கா போட்ட வழக்கில், ஆசிரியை போலீஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். தன் அறிக்கையும் தவறு என்றாள். இன்ஸ்பெக்டருக்கு வேலை போனது. "நீங்க எழுதினத நம்பினேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று கோர்ட் படியிலேயே கத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகும் அவள், ஆயுள் தண்டனையில் இருந்த பிளம்பரைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். எங்கே பிசகியது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் வாரம், அப்பா பெல்ட்டால் விளாசுவார் என்று அழுதான். இரண்டாம் வாரம், அம்மா விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்றான். மூன்றாம் வாரம் சிரித்தான். "ரெண்டுல எது மேடம் உங்களுக்குத் தோதா இருக்கு?"

அவனுடைய அண்ணனைத் தேடிப் போனாள். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அப்பா எங்க மேல கை வச்சதே இல்ல. அம்மா எங்கயும் ஓடல. ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்து வளந்தோம். நான் யாரையும் கொல்லல. அதுக்கு உங்க படிப்புல என்ன பேரு?"

அன்றோடு, ஏன் செய்தாய் என்று கேட்பதை அவள் விட்டாள். பிளம்பரின் வேலை நோட்டுக்கு நகல் வாங்கிக்கொண்டு, வரி வரியாக உப்புச்சப்பில்லாத கேள்விகள் கேட்டாள். எந்தத் தெரு, என்ன ஒழுகல், எவ்வளவு நேரம் ஆனது? தன்னைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்காதது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் வாரம், எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வரியைத் தொட்டு, "இங்க வாஷர் மட்டும்தான் மாத்தினியா?" என்றாள்.

அவன் மேசையில் அறைந்தான். "வாஷராம் வாஷர்! அந்தக் கிழவி வழுக்கி விழுந்து செத்தான்னு எழுதி மூடின கூட்டம்தானே நீங்க? உங்களுக்கெல்லாம் வாஷர்தான் தெரியும்."

அந்த வீட்டில் யாராவது செத்தார்களா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பேனாவை மூடிவைத்தாள். பழைய இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது அதே தேதியில், அதே முகவரியில் ஒரு மரணம் இருந்தது. குளியலறையில் விழுந்து இறந்ததாக எழுதியிருந்தார்கள்.

இறந்தவரின் மகன் பள்ளிக்கூட வாத்தியார். அவள் சொன்னதை வாசலிலேயே நின்று கேட்டார். கேட்கக் கேட்க முகம் இறுகியது.

"வழுக்கி விழுந்துட்டாங்கன்னு எட்டு வருஷமா மனசைத் தேத்தி வச்சிருந்தோம். அந்தக் குழாய்க்காரனுக்குப் போன் போட்டு வரச் சொன்னதே நான்தான். இப்ப இத நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? யாரு கேட்டா உங்கள?"

"உங்களுக்குத் தெரியணும்னு…"

"வெளிய போங்க."

வழக்கு நடந்தது. பிளம்பருக்கு இன்னொரு ஆயுள் தண்டனை கிடைத்தது. வாத்தியார் சாட்சி சொல்ல வந்தார். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் சுவரோரமாகக் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.