பதினான்கு கூட்டும் கை

குன்றின் மேலிருக்கும் வானிலை நிலையத்தில் காலை ஐந்தரை மணிக்கு விளக்குப் போடுவது பத்தொன்பது வருடமாக ஒரே ஆள்தான். தெருவில் அவளுக்கு மழையக்கா என்று பெயர். துணி காயப்போடுவதற்கு முன் அவளைக் கேட்பார்கள். மழை வந்துவிட்டால் ஈரத்துணியோடு வந்தும் கேட்பார்கள். "நான் அளக்குறவதாங்க. சொல்றவங்க கீழ பெரிய ஆபீஸ்ல இருக்காங்க" என்பது அவளுடைய நிரந்தரப் பதில். அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அளப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வெள்ளைப் பலகைப் பெட்டியைத் திறந்து வெப்பமானிகளைப் பார்ப்பாள். ஈரப்பதம் காட்டும் வெப்பமானியின் குமிழைச் சுற்றிய துணித்திரி காய்ந்திருந்தால் நனைத்துவிட்டுக் காத்திருப்பாள். பிறகு மழைமானியில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடிப்பாள். கடைசியாக உள்ளே வந்து பாரமானி. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாகக் காட்டும் என்பதால், அதைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு தொகையைக் கூட்ட வேண்டும். சுவரில் அதற்கு அட்டவணை ஒட்டியிருந்தது. ஆனால் அந்தக் குன்றில் அது பதினான்கு மில்லிபாரை விட்டு நகர்ந்தது அபூர்வம். பதினான்கைக் கூட்டி, கீழ் அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டால் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வானம் தன்பாட்டில் இருக்கலாம்.

கீழே முன்னறிவிப்பு அறைக்குப் போக ஒரு துறைத்தேர்வு இருந்தது. மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை ஆறு மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாம் முறை பரீட்சைக்கு முந்தின நாள் நிஜப் புயலே கிளம்பி வந்துவிட்டது. மணிக்கொரு தரம் அளவெடுக்க அவளைக் குன்றின் மேலேயே நிறுத்திக்கொண்டார்கள். பரீட்சை நடந்த ஊரில் நல்ல வெயில். விண்ணப்பம் போட்டிருந்ததால் அதுவும் ஒரு முறையாகக் கணக்கில் ஏறியது. புயல் பாடத்தை எழுதப் புயலே விடவில்லை என்று அலுவலகத்தில் இரண்டு மாதம் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள்.

இப்போது மூன்றாவது. இதுவும் போனால் ஓய்வு பெறும்வரை ஐந்தரை மணி விளக்குதான். முழங்கால் வேறு குன்றின் நூற்றுப்பத்துப் படிகளையும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியிருந்தது.

கணவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். மூலை உடைந்த வெள்ளை டைல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவான். அவற்றில்தான் அவள் படித்தாள். மதியம் இரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, சமையலறைத் தரையில் டைல்களைப் பரப்பி, அழியும் பேனாவால் சமஅழுத்தக் கோடுகள் போடுவாள். ஒரே அழுத்தமுள்ள இடங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் கோடு வளைந்து தன்னையே வந்து கடிக்கும். உள்ளே உள்ளே நெருங்கினால் புயல். துடைத்துவிட்டு மறுபடி போடுவாள். ஒரு நாள் அவன் அவசரத்தில் அள்ளிக்கொண்டு போனதில், துடைக்காத தாழ்வு மண்டலம் ஒன்று யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஏறிவிட்டது.

"வீட்டுக்காரம்மா டிசைன் நல்லாருக்குங்கறாங்க. இன்னும் அஞ்சு வேணுமாம்" என்றான் வந்து.

"அழியுற பேனாங்க அது. குளிச்சா போயிடும்."

"அதுக்குள்ள நான் வேற ஏரியாவுக்குப் போயிடுவேன்."

கேள்வி கேட்பது நாத்தனாரின் வேலை. மருந்துக்கடையில் பாதிநாள் வேலை அவளுக்கு. மருந்துச்சீட்டில் என்ன கிறுக்கியிருந்தாலும் படித்துவிடுவாள் என்பதால் அண்ணியின் குறிப்பு நோட்டு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள்.

"புயல் பொறக்க என்ன வேணும் அண்ணி?"

"கடல் இருபத்தாறரை டிகிரிக்கு மேல சூடா இருக்கணும். மேல ஒரு வேகம், கீழ ஒரு வேகம்னு காத்து அடிக்கக் கூடாது, தலையத் திருகிடும். நிலநடுக்கோட்டை ஒட்டியும் இருக்கக் கூடாது."

"அங்க இருந்தா என்னவாம்?"

"சுத்த வைக்கிற விசை அங்க இல்லை."

"சரி, எப்ப சாகும்?"

"கரையேறினா. சூடான தண்ணி கிடைக்காதுல்ல, பலம் போயிடும்."

நாத்தனார் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "உன்னைக் கரையேத்திட்டுத்தான் மறுவேலைன்னு அண்ணன் குதிக்குதே, கேட்டுக்கச் சொல்லுங்க. நான் கடல்லயே இருந்துக்கறேன்."

அடுத்த அறையில் இருந்த அண்ணன் அன்றைக்குக் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

பரீட்சை ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. கடைசிக் கேள்விக்கு நாற்பது மதிப்பெண். ஒரு வெற்று வரைபடம், இருபத்திரண்டு ஊர்களின் காற்று, வெப்பம், அழுத்தம் அடங்கிய பட்டியல். எல்லாவற்றையும் படத்தில் ஏற்றி, கோடு போட்டு, புயலின் மையத்தைக் காட்டி, அது எந்த வகை என்று சொல்ல வேண்டும். அவளுக்குக் கரும்புதான். ஊர் ஊராக ஏற்றினாள். இரண்டிரண்டு மில்லிபார் இடைவெளியில் கோடுகள் வழுக்கிக்கொண்டு வந்தன. உடைந்த டைலைவிடக் காகிதம் எவ்வளவோ மேல். மையத்தில் ஆயிரத்து இரண்டு. 'தாழ்வு நிலை' என்று எழுதப் போனவள், பக்கத்து ஊரின் காற்றைப் பார்த்து நிறுத்தினாள். அறுபது நாட், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல்.

ஆயிரத்து இரண்டுக்கு அறுபது நாட் காற்று எங்கேயும் அடிக்காது. அவள் பார்த்த நிஜப் புயலில் அடிக்கவில்லை, நோட்டில் அடிக்கவில்லை, டைலிலும் அடிக்கவில்லை.

பட்டியலுக்குத் திரும்பினாள். அந்த மைய ஊருக்கு அச்சாகியிருந்தது தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. மேலே, அவள் படிக்காமல் தாண்டிய தலைப்பில், அழுத்தம் எல்லாம் கடல்மட்டத்துக்கு மாற்றித் தரப்பட்டிருப்பதாக இருந்தது. கை ஒன்று விடாமல் இருபத்திரண்டு ஊருக்கும் பதினான்கைக் கூட்டியிருந்தது. தினம் ஐந்தரை மணிக்குச் செய்வதை அது செய்திருந்தது, அவ்வளவுதான். கொடும்புயலை மழைமேகமாக்கி வைத்திருந்தது.

கடிகாரத்தில் பதினேழு நிமிடம் இருந்தது. வேறு காகிதம் வாங்கிப் புதிதாகப் போட நேரம் போதாது. உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். எல்லா ஊருக்கும் ஒரே அளவுதான் கூடியிருக்கிறது. அதுவும் இரட்டை எண். அப்படியென்றால் ஒரு கோடும் இடம் மாற வேண்டியதில்லை. ஆயிரத்து நான்கின் கோடு அதே இடத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. எண்களை மட்டும் அடித்து எழுதினால் போதும்.

அடிக்க ஆரம்பித்தாள். மேற்பார்வையாளர் வந்து குனிந்தார்.

"என்னம்மா, போட்டதையெல்லாம் அடிச்சிட்டிருக்கீங்க?"

"வீடெல்லாம் சரிதான் சார். கதவு நம்பர்தான் தப்பு."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, நகர்ந்துவிட்டார். மணி அடிக்கும்போது அவள் 'கொடும்புயல்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தாள்.

வாசலிலேயே நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "எப்படி அண்ணி?"

"புயல் இருந்த இடத்துல இருக்கு. பார்க்கத்தான் கோழி கிளறின மாதிரி இருக்கு."

முடிவு வர இரண்டரை மாதம் ஆயிற்று. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி, அவளுக்கு ஐம்பத்திரண்டு. அடித்தல் திருத்தலுக்குக் குறைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

"ரெண்டே ரெண்டா?" என்றான் கணவன். "என் வேலையில ரெண்டு மில்லிமீட்டர் இடிச்சா மொத்தத்தையும் பேர்க்கச் சொல்லுவான்." சொல்லிவிட்டு மீதியிருந்த உடைந்த டைல்களை எடுத்து வெளியே அடுக்கினான். ஒன்றைக் கேட்டு உள்ளே வைத்துக்கொண்டாள். சூடான பாத்திரம் இறக்கிவைக்க ஆயிற்று.

முன்னறிவிப்பு அறையில் படிகள் இல்லை. பெரிய மேசை, பென்சில்கள், ஒரு தொலைபேசி. முதல் நாள் காலை குன்றிலிருந்து அழைத்தவர், இத்தனை வருடம் அவளிடம் மதிய ஷிப்டை வாங்கிக்கொண்டவர்.

"அழுத்தம் ஆயிரத்து ஆறு" என்றார்.

"பதினாலு கூட்டினதா, கூட்டாததா?"

"அக்கா, பத்தொம்பது வருஷம் நீங்க சொன்னப்ப அங்கருந்து யாராவது இப்படிக் கேட்டாங்களா?"

"கேக்கல. கேட்டிருந்தா எனக்கு நல்லதா இருந்திருக்கும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பாரமானி வரைக்கும் போய்த் திரும்பினார் போல. "கூட்டினதுதான்" என்றார். "சரி, மழை வருமா? துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேன்."

அவள் குன்றின் இடத்தில் ஆயிரத்து ஆறை எழுதினாள். வாய் வரைக்கும் பழைய பதில் வந்தது. அது இனிமேல் செல்லாது.

"இன்னும் பதினோரு ஊர் பாக்கி இருக்கு. போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன், வைங்க."